வரிசையில் இல்லாத பலகை

காலுல இடிச்சிட்டுதா தம்பி? மன்னிச்சுக்குங்க. பிரேக் போடும்போதெல்லாம் சாயுது. நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்கிட்டா நான் புடிச்சுக்குவேன். இல்ல, இல்ல, சீட்டுல வைக்க வேணாம். நல்ல மனசோடதான் சொல்றீங்க, தெரியுது. பக்கத்துல சீட்டும் காலியாத்தான் கிடக்கு. ஆனா இதை உட்கார வைக்கக் கூடாது. திருவாரூர் வரைக்கும் இது நின்னுக்கிட்டுத்தான் வரணும்.

பலகைதாங்க. பனம்பலகை, தார் பூசினது. உரச்சாக்குல சுத்தியிருக்கேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டாரு, வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டு, இதுல பலகைன்னு பேரு வருமான்னு கேட்டேன். மெஷின்ல லக்கேஜுன்னுதான் வரும்னாரு. அப்பச் சரி, பேரு போட்டுப் பெருமைப்படுத்த வேணாம்னேன். ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் பின்னாடி போயிட்டாரு.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. இன்னைக்குத் திங்கக்கிழமை, கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குற நாளு. மனு பையில இருக்கு. பலகை சாட்சி. போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். நான் சொல்றதக் கேட்டுட்டு நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க. வெளியூரு ஆளு சொன்னாத்தான் அது நியாயம். உள்ளூர்ல எல்லாரும் மாறிட்டாங்க.

என் பேரு தெட்சிணாமூர்த்தி. ஊரு மேலத்தாழங்காடு. எங்க ஐயனார் கோயில்ல மொத மரியாதை எங்க குடும்பத்துக்கு. திருவிழாவுல பூசாரி மொதப் பரிவட்டத்தை என் தலையிலதான் கட்டுவாரு. என் தலையில கட்டாம ஐயனார் குதிரை அசையாது. ரெண்டாவது சந்திரகாசனுக்கு. அப்புறம் நாலு குடும்பம். ஆக மொத்தம் ஆறு. இந்த ஆறு பேருக்கு மேல ஏழாவதுன்னு ஒண்ணு கிடையாது. யாரு வச்சதுன்னு கேக்காதீங்க. நான் வைக்கல. நான் பொறக்கும்போதே இருந்துது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊரு காவிரித் தண்ணி கடைசியா வர்ற ஊரு, கார்த்திகை மழைத்தண்ணி மொதல்ல தேங்குற ஊரு. மழை பேஞ்சா வயல்ல பத்து நாளு, பன்னெண்டு நாளு தண்ணி நிக்கும். சம்பாப் பயிரு உள்ளேயே அழுவிப்போவும். வடிகால்னு ஒண்ணு இருக்கு. என் நிலத்துக்கிட்ட ஆரம்பிச்சு, எல்லாரு நிலத்தையும் தொட்டுக்கிட்டுக் கிழக்க உப்பனாத்துல போயி விழுது. ஆனா அது வடிகால் மாதிரியா இருந்துது? ஆகாயத்தாமரையும் காட்டாமணக்குமா மண்டிக் கிடந்துது. வருஷா வருஷம் ஜேசிபி விட்டுத் தோண்டுவோம், அடுத்த மழைக்கு ரெண்டு பக்கக் கரையும் உள்ளேயே சரிஞ்சு விழும்.

அப்பத்தான் ஒரு தொண்டு நிறுவனத்துலேருந்து ஹெலன்னு ஒரு பொண்ணு வந்துது. இஞ்சினியரு. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸு போட்டுக்கிட்டு மூணு மாசம் அந்த வடிகால்லயே கிடந்துது. நாங்க சிமெண்டுச் சுவரு கேட்டோம். வேணாங்கய்யா, சிமெண்டு போட்டாத் தண்ணி வேகமாப் போவும், உங்க மேல்மண்ணையும் உரத்தையும் சேத்து அள்ளிக்கிட்டுப் போவும்னுது. கரையில வெட்டிவேரு நடச் சொல்லுச்சு. ஒரு பக்கக் கோரையை அறுங்க, மறுபக்கத்தை விட்டுடுங்க, தவளை, நண்டு, குருவிக்கெல்லாம் அது வேணும்னுது. தவளைக்கு வூடு கட்டுற திட்டமாம்மான்னு நான் கேட்டேன். ஆமாய்யா, தவளை உங்க பூச்சியைத் தின்னும்னுது. சும்மா சொல்லக் கூடாது தம்பி, வெட்டிவேரு புடிச்சுது. கரை சரியல. அந்தப் பொண்ணுக்கு மண்ணைப் பத்தி எல்லாம் தெரியும். மனுஷனைப் பத்தித்தான் ஒண்ணும் தெரியல.

அடுத்து மதகு மாதிரிப் பெட்டி வச்சுது. வடிகாலுக்குக் குறுக்க, ஒவ்வொருத்தர் நிலத்துக்கும் நேரா ஒண்ணு, ஆக ஏழு. ரெண்டு பக்கமும் காடி வெட்டியிருக்கும். காடியில பலகையைச் சொருகினாத் தண்ணி நிக்கும், தூக்கினா ஓடும். மோட்டாரு வேணாம், டீசல் வேணாம், ஒரு ஆளு ரெண்டு கையால தூக்கிடலாம். மழை வரப்போவுதுன்னு தெரிஞ்சதுமே தூக்கிடணும். மழை விட்டதும் திரும்பச் சொருகிடணும். அப்பத்தான் நல்ல தண்ணி வயலுக்குள்ள நிக்கும். தை, மாசியில அமாவாசைக்குக் கடல் ஏறும் பாருங்க, அப்ப உப்பனாத்து வழியா உப்புத் தண்ணி வடிகால்ல எதுத்து ஏறும். அதைத் தடுக்கத்தான் ஏழாவது பெட்டிப் பலகை மட்டும் ரெட்டை உசரம். மத்த ஆறும் முழங்கால் உசரம்தான், கடல் ஏறினா மேலயே தாண்டி வந்துடும். ஏழாவது இருந்தா ஊருக்கே உப்பு இல்ல. இதெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும். எனக்குத் தெரியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

எல்லாம் சொல்லிட்டுக் கடைசியில அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லுச்சு தம்பி. மழைக்குத் தூக்கும்போது கீழேருந்து மேல வரணும், ஏழாவது பலகையை மொதல்லத் தூக்கணும், உங்களோடதைக் கடைசியாத் தூக்கணும்னுது.

என்னோடது கடைசி. மொத மரியாதைக்காரன் கடைசி. சபையில, அத்தனை பேரு முன்னாடி. எனக்குக் காதெல்லாம் சூடாயிட்டுது. கோவிச்சுக்கல. படிச்ச பொண்ணு, வேற மதம், நம்ம கோயில் நடைமுறை தெரியாது, மன்னிச்சுட்டேன். அம்மா, இந்த ஊருல எதையுமே மொதல்ல நாங்கதான் தொட்டு ஆரம்பிக்கிறதுன்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். தண்ணிக்கு அந்த வரிசையெல்லாம் தெரியாதுங்கய்யான்னுது. தெரியாட்டி நாமதான் சொல்லிக்குடுக்கணும்னேன்.

கோயில் மண்டபத்துல ஆறு பேரும் உட்கார்ந்து தீர்மானம் போட்டோம். மரியாதை வரிசைப்படிதான் பலகை தூக்கறது. தூக்குறவருக்குப் பரிவட்டம் கட்டணும், தேங்காய் உடைக்கணும், மேளம் வாசிக்கணும். முந்தினவர் தூக்கி முடிக்காம அடுத்தவர் பலகையில கை வைக்கக் கூடாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். எழுந்திரிக்கும்போது மண்டபத்துக்கு வெளியில நின்னுக்கிட்டிருந்த தையநாயகி கேட்டா, "அய்யா, எனக்கு எத்தனாவதுங்க?"

ஏழாவது பெட்டி அவளோடது. சொல்ல மறந்துட்டேன் பாருங்க. கிழக்குத் தெரு. புருஷன் போயி அஞ்சு வருஷம் ஆவுது. ஆறு மா நிலம், உங்க கணக்குல ரெண்டு ஏக்கரா. அதுவும் உப்பனாத்தை ஒட்டி. அவ தெரு ஆளுங்களுக்குக் கோயில்ல வரிசை கிடையாது. நாங்க யாரும் அதை யோசிக்கவே இல்ல. "நீதான் வரிசையிலயே இல்லியே புள்ள, உனக்கு எப்படி எத்தனாவதுன்னு சொல்றது?"ன்னு கேட்டேன். கேள்வி நியாயம்தானே? "அப்ப என் பலகையை எப்பத் தூக்கறதுங்க?"ன்னா. "அதைத் தனியாப் பேசி முடிவு பண்றோம்"னேன். மறுக்கல, கவனிங்க. பேசறோம்னுதான் சொன்னேன்.

ஐப்பசியில ஒரு நல்ல நாளாப் பாத்து ஒத்திகை வச்சோம். ரெட்டை நாயனம், ரெட்டைத் தவிலு. அன்னைக்கு வடிகால்ல சொட்டுத் தண்ணி இல்ல. நல்ல வெயிலு. என் தலையில பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, நான் பலகையைத் தூக்கினேன். பூ தூவினாங்க. சந்திரகாசன் தூக்கினான். அப்படியே ஆறு பேரும். ரெண்டரை மணி நேரத்துல பிரமாதமா முடிஞ்சுது. பக்கத்து ஊருக்காரங்க வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஹெலன் மட்டும் வாட்சைப் பாத்துக்கிட்டே நின்னுது. மழையில இது வேணாங்கய்யான்னு என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. பயந்த சுபாவம்.

கார்த்திகையில மழை வந்துது. வங்கக் கடல்ல தாழ்வு மண்டலம், நாளை மறுநாள் கனமழைன்னு டிவியில சொல்லிட்டான். ஹெலன் போனு மேல போனு. இன்னைக்கே தூக்கிடுங்கய்யா, தூக்கிடுங்கய்யான்னு. நான் மாட்டேன்னா சொன்னேன்? மேளக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். அவரு மன்னார்குடியில கல்யாண மேளத்துக்குப் போயிட்டாரு. கார்த்திகை முகூர்த்தம் பாருங்க. அடுத்த ஊரு மேளம் வேதாரணியத்துல. அதுக்கடுத்தது எங்கன்னே தெரியல. இந்த ஜில்லாவுல அன்னைக்கு ஒரு நாயனம் கூடச் சும்மா இல்ல தம்பி. ஊரெல்லாம் கல்யாணம்.

ரெண்டாம் நாளு காலையில மழை புடிச்சுக்கிட்டுது. சந்திரகாசன் செல்போனை எடுத்துக்கிட்டு வந்தான். இதுல நாயன மல்லாரி வச்சிருக்கேன், ஸ்பீக்கர்ல போட்டுட்டுத் தூக்கிடுவோம்னான். செல்போனு வாசிக்கிற மேளத்துக்குப் பலகை தூக்குற அளவுக்கு எங்க குடும்பம் இறங்கிடலன்னேன். வயல்ல தண்ணி கணுக்கால் தாண்டிட்டுது. பயிரு அப்பத்தான் தூரு கட்டி நிக்குது. நானும் வரப்புல இறங்கிப் பயிரைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன். பயிருக்காக மரியாதையை விட முடியுமா?

பத்து மணிக்குத் தவில்காரர் ஒருத்தர் மட்டும் வந்து சேந்தாரு. நாயனம் இல்ல. தவிலு நனைஞ்சாத் தோலு போயிடும்னு பிளாஸ்டிக் பையைச் சுத்தி வச்சிருந்தாரு. அடிச்சா மாவு மூட்டையைத் தட்டுற சத்தம்தான் வந்துது. பரவால்லன்னு விட்டுக்குடுத்தேன். பாருங்க, நான் விட்டுக்குடுக்காத ஆளில்ல. பரிவட்டம் நனைஞ்சு கண்ணு மேல வழியுது. தேங்காயை உடைச்சாத் தேங்காய்த் தண்ணி எது, மழைத் தண்ணி எதுன்னு தெரியல. என் பலகையைத் தூக்கினேன். தண்ணி குபுகுபுன்னு கீழ பாஞ்சுது. எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா. வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

சந்திரகாசனோட பெட்டிக்குப் போனோம். அவன் சொல்றான், எனக்குக் கட்டின பரிவட்டம் மூணு சுத்து, உனக்கு அஞ்சு சுத்து, ஒத்திகையில எனக்கு நாலு சுத்து இருந்துதுன்னு. மழையில நின்னு முக்கால் மணி நேரம் சுத்தை எண்ணினோம். கடைசியில நாலேகால் சுத்துன்னு முடிவாச்சு. அவன் தூக்கினான். அப்புறம் மூணு, நாலு, அஞ்சு, ஆறு. ஆறாவது தூக்கும்போது மணி ஒண்ணு.

இப்ப ஒரு அதிசயம் நடந்துது. நான்தானே மொதல்லத் தொறந்தேன்? என் வயல்தானே மொதல்ல வடியணும்? வடிஞ்சுதுதான், ஒரு மணி நேரம். அப்புறம் அதே தண்ணி திரும்பி வருது. போன தண்ணி திரும்பி வந்து என் வயல்ல ஏறுது தம்பி. ஆறு பலகையும் தூக்கியாச்சு, தண்ணி போவலன்னா என்ன அர்த்தம்? வடிகால் அமைப்பே தப்புன்னு அர்த்தம். ஹெலனுக்குப் போனைப் போட்டுக் கேட்டேன். ஏழாவது மூடியிருக்குய்யா, ரெட்டை உசரப் பலகைய்யா, ஊரு மொத்தத் தண்ணியும் அதுல முட்டி நிக்குதுய்யா, அதைத் தூக்கச் சொல்லுங்கன்னு அழுவுது. அம்மா, அது வரிசையில இல்லன்னேன். போனை வச்சிட்டுது. மரியாதை தெரியாத பொண்ணு.

சரி, இதைப் பேசித்தான் தீக்கணும்னு கமிட்டியைக் கூட்டினேன். கோயில் பள்ளத்துல இருக்கு. மண்டபத்துல தொடை வரைக்கும் தண்ணி. உட்கார இடம் இல்ல. பூசாரிதான் யோசனை சொன்னாரு. வாகன அறையைத் தொறந்து, சாமி வாகனத்தையெல்லாம் மண்டபத்துல இறக்கி வச்சு, ஆளுக்கொண்ணுல ஏறி உட்கார்ந்தோம். நான் யானை. சந்திரகாசன் குதிரை. ஏறி உட்கார்ந்ததும் அவன் சொல்றான், ஐயனாருக்குக் குதிரைதான் விசேஷம், அப்ப குதிரையில இருக்கிறவன்தான் மொத ஆளுன்னு. அதுக்கு ஒரு கால் மணி நேரம். மூணாவது குடும்பத்துக் கலியமூர்த்தி ரிஷபத்துல. ஒருத்தர் மயிலு, ஒருத்தர் சிங்கம். ஆறாவது குடும்பத்துக்காரரு அன்னத்துல உட்கார்ந்தாரு. கனத்த சரீரம், அன்னம் கழுத்து ஆடிக்கிட்டே இருந்துது.

விவாதம் நல்லாத்தான் நடந்துது. தையநாயகிக்கு ஏழாவது இடம் குடுத்துட்டா என்னன்னு மயில்ல இருந்தவரு கேட்டாரு. குடுத்தா நாளைக்குத் திருவிழாவுல ஏழாவது பரிவட்டம் கேப்பா, அதுக்கு என்ன சொல்றதுன்னு கலியமூர்த்தி கேட்டான். அவளுக்குன்னு குடுக்க வேணாம், பெட்டிக்குன்னு குடுப்போம், பலகைக்குப் பரிவட்டம் கட்டுவோம்னு சிங்கத்துலேருந்து ஒரு யோசனை. அவளுக்குப் பதிலா நம்மள்ல ஒருத்தர் போயித் தூக்கிட்டு வந்துடலாமேன்னு சந்திரகாசன். யாரு போறது? அவ பெட்டிக்கு எவன் போனாலும் அவன் ஏழாவது ஆளு ஆயிடுவான். யாரும் வாகனத்தை விட்டு இறங்கல.

அப்ப அவ வந்தா. மார் அளவு தண்ணியில நடந்து வந்து, மண்டபத்துக்கு வெளியிலயே நின்னுக்கிட்டா. உள்ள வரல, அதுல குறை சொல்ல மாட்டேன். "அய்யா, பயிரு மூழ்கிட்டுதுங்க. என்னோடது மட்டும் இல்லீங்க, எல்லாருதும். தூக்கட்டுங்களா?"ன்னா. நான் யானை மேலேருந்து, "இரு, உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம்"னேன். எங்க ஆறு பேரையும் ஒவ்வொருத்தரா, ஒவ்வொரு வாகனமாப் பாத்தா. திரும்பிப் போயிட்டா. அவ அப்படிப் பாத்தது எனக்கு என்னமோ மாதிரி இருந்துது தம்பி. இன்னைக்கு வரைக்கும் என்னன்னு புடிபடல.

ஒரு அரை மணி நேரம் போயிருக்கும். மண்டபத்துல தண்ணி இறங்க ஆரம்பிச்சுது. மொதல்ல யானை முட்டி தெரிஞ்சுது. அப்புறம் பாதம் தெரிஞ்சுது. கலியமூர்த்தி ரிஷபத்து மேலயே ரெண்டு கையையும் தூக்கிக் கும்புட்டான், ஐயனாரு வழி விட்டுட்டாருன்னு. எனக்கும் கண்ணு கலங்கிட்டுது. கமிட்டி கூடினதுக்கு உடனே பலன். அப்பத்தான் பூசாரி ஓடி வந்து சொல்றாரு, ஐயனாரு இல்லீங்க, தையநாயகிங்க, ஏழாவதைத் தூக்கிப்புட்டாங்கன்னு.

மேளம் இல்ல. தேங்காய் இல்ல. யாரு உத்தரவும் இல்ல. ஊரு தண்ணியெல்லாம் அந்தப் பலகை மேல சாஞ்சு நிக்கிற நேரத்துல ஒத்தை ஆளா மண்வெட்டிக் காம்பைக் குடுத்து நெம்பித் தூக்கியிருக்கா. கையில ரெண்டு விரலு நசுங்கிப் போச்சாம். போன வேகத்துல தண்ணி அவ நிலத்துல ஓரமா ரெண்டு மாவை அரிச்சு உப்பனாத்துக்குக் கொண்டுபோயிட்டுது. பாக்கி நாலு மாதான் இப்ப இருக்கு. பாவம்தான். ஆனா நியாயத்தைப் பேசும்போது பாவத்தைக் கலக்கக் கூடாது. இருட்டுறதுக்குள்ள எங்க எல்லாரு வயலும் வடிஞ்சுது, பயிரு நிமிந்துக்கிட்டுது. அது வேற விஷயம்.

மறுநாளே கமிட்டி போட்டுப் பலகையைப் பறிமுதல் பண்ணினேன். வரிசை மீறித் தூக்கின பலகை, பரிகாரம் பண்ணாமத் திரும்பச் சொருகக் கூடாதுன்னு. வாகன அறையில வச்சுப் பூட்டினேன். உங்க காலுல இடிச்சுதே, அதே பலகைதான். மழை விட்டப்புறம் ஆறு பேரும் வரிசைப்படி எங்க பலகையைச் சொருகினோம், மொதல்ல நான். இந்தத் தடவை ரெட்டை நாயனம் கிடைச்சுது. ஏழாவது மட்டும் தொறந்தே கிடந்துது.

ஹெலன் வந்துது. தை அமாவாசை வருதுய்யா, கடல் ஏறும்யா, கதிரு பாலு புடிக்கிற நேரம்யா, உப்பு ஏறினா மொதல்ல அந்தம்மா வயலு, அப்புறம் ஆறு, அஞ்சுன்னு மேல ஏறி உங்க வயலு வரைக்கும் வந்துடும்யான்னு சொல்லுச்சு. பாத்தீங்களா, அதுலயும் என்னைக் கடைசியாத்தான் வைக்குது. தையநாயகியும் வந்தா. கையில துணி சுத்திக்கிட்டு வந்து, "அய்யா, மன்னிப்புக் கேக்கச் சொன்னாக் கேக்கறேங்க, பலகையை மட்டும் குடுத்துடுங்க. எனக்கு இருக்கிறது அந்த நாலு மாதான். அது போனா நான் திருப்பூருக்குத்தான் போவணும்"னா. கேக்கறதுக்கு எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துது. ஆனா அவ பேச்சுல ஒண்ணு கவனிச்சேன். கேக்கச் சொன்னாக் கேக்கறேன்னுதான் சொன்னா. தப்புன்னு சொல்லல. "தூக்கினது தப்புன்னு சொல்லு"ன்னேன். நிமிந்து பாத்து, "உங்க பயிரு நிக்குதுல்லங்க?"ன்னுட்டுப் போயிட்டா.

இது ஒரு பதிலா தம்பி? நீங்களே சொல்லுங்க. சரி, யோசிச்சே சொல்லுங்க.

அதான் கலெக்டர் கிட்டயே போறேன். மனுவுல ரெண்டு கோரிக்கை. மொதக் கோரிக்கை, மரியாதை வரிசையை அரசாங்க உத்தரவாப் போட்டு வடிகால்ல போர்டு வைக்கணும். ரெண்டாவதுதான் அவசரம். அது மூணு நாளைக்கு முன்னாடி நடந்தது.

பலகை கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் அவ என்ன பண்ணியிருக்கா தெரியுமா? அவ வூட்டு வாசக் கதவைக் கழட்டியிருக்கா. கதவுங்க. நிலையிலேருந்து கழட்டி, காடிக்கு ஏத்தாப்புல ரெண்டு பக்கமும் அறுத்து, தலையில தூக்கிக்கிட்டுப் போயி ஏழாவது பெட்டியில சொருகிட்டா. அவ வூட்டு வாசல்ல இப்பச் சேலைதான் தொங்குது. கதவுல அவ புருஷன் சுண்ணாம்புல எழுதின ரேஷன் கார்டு நம்பரு கூட அப்படியே இருக்கு, தண்ணிக்கு மேல தெரியுது. அதோட போச்சா? சந்திரகாசன் போயி, ரெண்டாம் மரியாதைக்காரன், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்தக் கதவு இடுக்குல களிமண்ணு அப்புறான். கலியமூர்த்தி மூங்கில் முட்டுக் குடுக்கறான். எங்க வூட்டு அம்மா இருக்கே, கட்டினவ, பீரோவுலேருந்து நல்ல ஜமுக்காளத்தை எடுத்துக்கிட்டுப் போயி ஓட்டை அடைக்கக் குடுத்திருக்கா. மூணு நாளா எங்கிட்டப் பேச்சு இல்ல. சோறு வைக்கிறா, பேச மாட்டேங்கிறா.

நேத்து தை அமாவாசை. கடல் ஏறிச்சு. நானும் போயித் தூரத்துல நின்னு பாத்தேன். உப்பனாத்துல தண்ணி பொங்கி வந்து அந்தக் கதவுல முட்டுது. கதவு அதிருது. அவ கதவுக்கு இந்தப் பக்கம் முதுகைக் குடுத்து உட்கார்ந்திருக்கா, கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு. சாயங்காலம் வரைக்கும் அப்படியே. ஒரு சொட்டு உள்ள வரல. வர்ற வழியில இன்னைக்குக் காலையில என் வயலைப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறினேன். கதிரு நல்லா வந்திருக்கு. தலை சாயப் போவுது. பச்சைப் பசேல்னு, கண்ணு பட்டுடும்.

அது இருக்கட்டும். நியாயத்துக்கு வாங்க. அது அனுமதி இல்லாத கதவு. எந்த வரிசையிலயும் சேராத கதவு. அதை உடனே அகற்றணும்னு ரெண்டாவது கோரிக்கையில தெளிவா எழுதியிருக்கேன், டைப் அடிச்சு. என்ன தம்பி, ஏன் அப்படிப் பாக்குறீங்க? கலெக்டர் உத்தரவு போட்டுட்டா அடுத்து என்ன நடக்கும்ங்கிறதையும் யோசிக்காம இல்ல. அதுக்கும் கீழ ஒரு வரி சேத்திருக்கேன். கதவைத் தூக்கும்போது, மொதல்ல என் கைதான் படணும்.